வேலை கிடைக்காததற்குக் காரணம்

— வெறும் ஒரு மணி நேரமா? ஏம்மா, வாரம் முழுக்க ஈ ஓட்டிட்டு ஒரு மணி நேரம் கைய அசைச்சா, எனக்கு வேலை இருக்குன்னு எழுதிடுவியா?

— சர்வே கேள்வியே அப்படித்தான் சார் இருக்கு. போன ஏழு நாள்ல, சம்பாதிக்கறதுக்காக ஒரு மணி நேரமாவது வேலை பாத்தீங்களா?

— பாத்தாரு தங்கச்சி. வியாழக்கிழமை மேல் மாடி வீட்டு மோட்டார சரி பண்ணிக் குடுத்தாரே. ரெண்டு மணி நேரமே ஆச்சு.

— வாய வச்சிட்டு சும்மா இருக்க மாட்டியா? அது ஒத்தாசைடி! பத்து பைசா வாங்கல. ஏம்மா, எட்டு மாசமா வேலை இல்லாம கெடக்கறேன். ஒரு ஓட்ட மோட்டார வச்சு என்னை வேலைக்குப் போறவன்னு ஆக்கிடாத.

— சும்மா செஞ்சு குடுத்தது கணக்குல வராது சார். இல்லன்னே போட்டுடறேன்.

— போடு. வேலை இல்லாதவன்னு கொட்டை எழுத்துல போடு. மேல இருக்கறவனுங்க பாக்கட்டும்.

— அதுக்கு இன்னும் கேள்வி இருக்கு சார். வேலை தேடலைன்னா, வேலை இல்லாதவங்க கணக்குலயும் நீங்க வர மாட்டீங்க.

— இது என்ன கூத்து! அப்ப எந்தக் கணக்குல வருவேன்?

— எதுலயும் இல்ல சார். தொழிலாளர் கணக்குக்கே வெளிய போயிடுவீங்க.

— கேட்டியாடி? குத்துக்கல்லாட்டம் நிக்கறேன், ஆளே இல்லையாம்!

— என்னங்க, கத்தாதீங்க. முதல்ல உக்காருங்க. காலைலேர்ந்து அங்கயும் இங்கயும் நடந்துட்டே இருக்கீங்க. கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வரப் போறாங்க.

— முன்னாடி என்ன வேலை சார்?

— சாயப் பட்டறையில பாய்லர் ஆபரேட்டர். இருபத்திரெண்டு வருஷம். மீட்டர் பொய் சொல்லும், சத்தம் பொய் சொல்லாது. காத வச்சே அழுத்தத்தச் சொல்லுவேன்.

— ஏன் விட்டீங்க?

— நான் எங்கம்மா விட்டேன்? வெடிச்சுது. நான் ஷிப்ட் முடிஞ்சு வாசல் கேட்டுக்கிட்ட வந்துட்டேன்...

— அடுத்த ஷிப்டுக்கு உள்ள நின்னது என் தம்பி. இவரு தான் கூட்டிட்டுப் போயி சேத்து விட்டாரு. பேரு எழுதியிருந்த தோள் துண்ட வச்சுத் தான் அடையாளம் காட்டினோம்.

— ஐயோ அக்கா...

— அதுக்கு உன் டேப்லெட்ல கட்டம் ஏதும் இருக்காம்மா?

— நிறுவனம் மூடப்பட்டதுன்னு தான் சார் இருக்கு.

— அதையே போட்டுக்கோ. அடுத்ததக் கேளு, சீக்கிரம்.

— கடைசி நாலு வாரத்துல வேலை தேடினீங்களா?

— தேடினேனாவா! அடியே, அந்த நோட்ட எடு. இந்தா பாரு. காகித ஆலை, பிஸ்கட் கம்பெனி, ஆஸ்பத்திரி துணி தொவைக்கற எடம். எங்கெல்லாம் பாய்லர் இருக்கோ அங்கெல்லாம் ஏறி எறங்கிட்டேன். நாப்பத்தியோரு எடம். நாயா அலைஞ்சேன்மா. ஒரு பய கூப்பிடல.

— தொடர்புக்கு உங்க நம்பர் குடுங்க சார்.

— இவ நம்பரப் போட்டுக்கோ. என் போன் தண்ணித் தொட்டியில விழுந்து போச்சு. போன எடத்துல எல்லாம் இவ நம்பரத் தான் குடுத்திருக்கேன்.

— வேலை கிடைச்சா எப்பலேர்ந்து போக முடியும்?

— இப்பவே. செருப்ப மாட்டினா போதும்.

— அக்கா, டம்ளர்! தண்ணி கொட்டுது...

— ஒண்ணுமில்ல தங்கச்சி, கை தவறிடுச்சு. நீ முடிச்சிட்டுக் கெளம்பு.

— கடைசிக் கேள்வி தான்க்கா. வேலை கிடைக்காததுக்கு என்ன காரணம்? வயசு, படிப்பு, காலி எடம் இல்லாதது, இல்ல வேற ஏதாவது.

— வயசு. ஐம்பதுக்கு ஒண்ணு தான் கம்மி. வேற என்ன இருக்கு? நான் எதுக்கும் லாயக்கில்லன்னு ஒதுக்கிட்டானுங்க. எனக்கே இப்ப அப்படித் தான் தோணுது. வயசுன்னே எழுதிக்கோ.

— வயசுன்னு போடாத தங்கச்சி.

— நீ ஏன்டி குறுக்க வர்ற?

— கூப்பிட்டாங்க. நாலு எடத்துலேர்ந்து. நாலு பேரும் பாய்லர் வேலைக்குத் தான் கூப்பிட்டாங்க.

— என்னது? எப்ப? என்னடி சொன்ன அவங்க கிட்ட?

— பாய்லர் வெடிச்சதுல அவரு போயிட்டாருன்னு சொன்னேங்க.