ரெண்டாவது சாவி

— இந்தக் கார் சாவியை ஒட்டினது யாரு மேடம்? ஃபெவிக்விக்கை இப்பிடி ஊத்தி வெச்சிருக்காங்களே, கத்தி முனைகூட உள்ள போகல.

— என் மகன்தான் மேன். மாதா கோயில் படில கை தவறி விழுந்து வாயைப் பொளந்துக்கிச்சு. குடு மம்மி, நான் ஒட்டித் தர்றேன்னு வாங்கிட்டுப் போனான். ஒட்டிக் கொண்டாந்ததுல இருந்து கார் என்னைக் கண்டுக்கவே மாட்டேங்குது. கதவும் தொறக்கல, பட்டனை அழுத்தினா ஸ்டார்ட்டும் ஆகல.

— விழுந்ததுக்கு அப்புறம், ஒட்டறதுக்கு முன்னாடி வேலை செஞ்சுதா?

— ஜம்முனு செஞ்சுது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பக்கத்து வீட்டு மௌரீனை ஏத்திக்கிட்டு அல்சூர் மார்க்கெட் போய்ட்டு வந்தேன்.

— அப்ப செல்லுதான் தீர்ந்திருக்கும். டென்ஷன் எடுக்காதீங்க. புது செல்லு போட்டா ஆய்த்து, அஷ்டே, வேற ஒண்ணுமில்ல.

— உள்ள இருக்கற போர்டே போச்சுங்கறான் அவன். ஷோரூம்ல கேட்டானாம், இருபத்திரெண்டாயிரம், அதுவும் எப்ப வரும்னு தெரியாதாம். ‘பழைய காருக்கு இவ்வளவு செலவு பண்றது லாஜிக்கே இல்ல மம்மி, வித்துடலாம்’ங்கறான். விக்கறதாம்!

— இன்னொரு சாவி இருக்கணுமே? காரோட ரெண்டு குடுப்பாங்க.

— அது அவன்கிட்ட இருக்கு. எலெக்ட்ரானிக் சிட்டில ஃப்ளாட் அவனுக்கு. கேட்டா கொண்டாறேன் கொண்டாறேன்னு இழுக்கறான். அவன் கொண்டாந்திருந்தா உன்னை ஏன் மேன் ஹெப்பகோடில இருந்து ஜோகுபாளையத்துக்கு வரச் சொல்றேன்?

— சரி மேடம், ஆர்.சி. எடுத்தாங்க. தப்பா நினைக்காதீங்க, பேரைப் பார்க்காம நான் எந்தக் கார்லயும் கை வைக்கறதில்ல. கார், பைக், பீரோ, வீட்டுப் பூட்டு, எதுன்னாலும் அதான் நம்ம ரூல்.

— நல்ல ரூல். இந்தா, படி. சத்தமாப் படி.

— பவுலின் மேரி.

— அந்தப் பவுலின் மேரி நான்தான். ரிட்டயர்மெண்ட் பணத்துல வாங்கினது. வாங்கினதுக்கு அப்புறம்தான் ஓட்டவே கத்துக்கிட்டேன். ஊரே சிரிச்சுது, சிரிக்கட்டும்னு விட்டேன். சரி, நீ வேலையைப் பாரு.

— பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்... ஸ்வல்ப இருங்க... ஆங், விட்டுடுச்சு. மேடம்.

— என்ன மேன்?

— உங்க மகன் என்ன வேலை பார்க்கறாரு?

— கம்ப்யூட்டர் வேலை. ஏன் கேக்கற?

— உள்ள போர்டே இல்ல.

— இல்லைன்னா? எரிஞ்சு போச்சா?

— எரிஞ்சிருந்தா கருகிப்போய் உள்ளதானே இருக்கும்? இதுல கழட்டி எடுத்திருக்காங்க. கையில தூக்கினா லேசாத் தெரியக் கூடாதுன்னு ரெண்டு ரூபா காசு ரெண்டை அடுக்கி, ஆடாம இருக்கப் பஞ்சு வெச்சு ஒட்டியிருக்காங்க. நீங்களே பாருங்க... மேடம்? தண்ணி குடிக்கறீங்களா?

— தண்ணி வேண்டாம். அந்தக் காசைக் குடு.

— வேற யாராவது எடுத்திருக்கலாம் மேடம். மகன்னே எதுக்கு நினைக்கணும்?

— என் கையில இருந்து அவன் கைக்குப் போச்சு, அவன் கையில இருந்து என் கைக்கு வந்துச்சு. நடுவுல யாரு வந்தா? ஸ்கூல்ல டிரில் மிஸ்ஸா இருந்தவ மேன் நான். வயித்து வலின்னு பொய் சொல்லிட்டு மரத்தடில உட்கார்ற புள்ளைங்களை மூஞ்சியைப் பார்த்தே பிடிச்சுடுவேன். நான் பெத்தவன் மூஞ்சியைப் பார்க்கத் தெரியாமப் போச்சு பாரு. வயிறு எரியுது ரவிக்குமார்.

— எரியத்தான் செய்யும். இப்ப என்ன பண்ணட்டும்?

— ஷோரூம் பக்கமே போகாம எனக்கு ஒரு சாவி வேணும். வழி இருக்கா?

— இருக்கு. கம்பெனி பேர் போடாத ரிமோட்டு ஒண்ணு என்கிட்ட இருக்கு. வேலை அதே வேலைதான். உங்க பழைய கூட்டுக்குள்ள சொருகற இரும்புச் சாவி நல்லாத்தான் இருக்கு, அதையே இதுல மாட்டிடறேன், புதுசா வெட்டற செலவு மிச்சம். எல்லாம் சேர்த்து எட்டாயிரம் குடுங்க.

— ஏழு. உனக்குச் சாப்பாடும் நான் போடறேன்.

— என்ன சாப்பாடு மேடம்?

— மீன் குழம்பு.

— ஏழே இருக்கட்டும். ஆனா ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். லேப்டாப்பை மாட்டிப் புதுச் சாவியைப் பதியறப்போ, இந்தக் கார் பழைய சாவியை எல்லாம் மறந்துடும். மகன்கிட்ட இருக்கறதும் பக்கத்துல இருந்தா சேர்த்தே பதிஞ்சுடலாம். இல்லைன்னா அது செத்துடும். சாவிக்காரன் கெடுத்துட்டான்னு நாளைக்கு என் மேல பழி வரக் கூடாது பாருங்க. அவரை வரச் சொல்லுங்க, நான் காத்திருக்கேன்.

— இரு, ஃபோன் போடறேன். ஸ்பீக்கர்லயே பேசறேன், நீயும் கேளு... ஹலோ க்ளென், எங்கடா இருக்க?

— சில்க் போர்டு டிராஃபிக்ல மம்மி. அங்கதான் வந்துக்கிட்டு இருக்கேன்.

— ஓட்டிக்கிட்டே ஃபோன் பேசறியா?

— ஒரு நிமிஷம்தானே. கேளுங்க, காரைப் பார்க்க ஒருத்தர் வர்றாரு. நல்ல விலை தர்றேங்கறாரு. அப்பிடியே வீட்டையும் ஒரு தடவை பார்க்கணுமாம்.

— என் வீட்டை எதுக்கு அவன் பார்க்கணும்?

— வாடகைக்கு மம்மி. நீங்க எங்ககூட வந்துட்டா அது சும்மாதானே கிடக்கும்? உங்க பேரன் தேஜஸைப் பார்த்துக்கற ஆயாவும் நின்னுட்டா. கார் இல்லாம நீங்க மட்டும் தனியா அங்க என்ன பண்ணுவீங்க? லாஜிக்கா யோசிங்க.

— வர்றேன்னு நான் எப்ப சொன்னேன்?

— நேர்ல பேசலாம். மார்க்கெட் போறதுன்னா போய்ட்டு வாங்க. வீட்டுச் சாவிதான் என்கிட்ட ஒண்ணு இருக்கே, நானே தொறந்து காட்டிக்கறேன்.

— க்ளென், ஒரே ஒரு கேள்வி. என் கார் சாவிக்கு என்னடா ஆச்சு?

— எத்தனை தடவை சொல்றது? போர்டு எரிஞ்சு போச்சு.

— நீ கண்ணால பார்த்தியா?

— பார்த்தேன் மம்மி.

— சரி. ஃபோனை வெச்சுட்டு ரோட்டைப் பார்த்து வா.

— என்ன மேடம், அவர் வர்ற வரைக்கும் காத்திருக்கவா?

— வேண்டாம். மறக்கச் சொல்லு.

*

— மம்மி! என்ன இது, என் சாவிக்கும் கதவு தொறக்கல?

— இன்னொரு தடவை அழுத்திப் பாரு க்ளென்.

— அழுத்திட்டேன். செல் வீக்கா இருக்கும்.

— உள்ள போர்டு இருக்கா, காசு இருக்கான்னு தொறந்து பாரு.

— ...மம்மி.

— இந்தா, உன் நாலு ரூபா. எண்ணிப் பார்த்து வாங்கிக்க.

— மம்மி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. ஓல்ட் மெட்ராஸ் ரோட்டுல ஆட்டோ மேல இடிச்சீங்க இல்ல? ஸ்டேஷன்ல இருந்து ஃபோன் வந்தப்ப நான் மீட்டிங்ல இருந்தேன். கை காலெல்லாம் உதறிடுச்சு. அன்னைல இருந்து உங்க நம்பர் வந்தாலே என்ன சேதியோன்னு பாதி மீட்டிங்ல எழுந்து ஓடறேன்.

— அதை வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமே? மம்மி, பயமா இருக்கு, ஓட்டாதீங்கன்னு.

— சொன்னா கேட்டிருப்பீங்களா?

— கேட்டிருக்க மாட்டேன். நின்னு சண்டை போட்டிருப்பேன், நீயும் போட்டிருக்கணும். அதை விட்டுட்டு, ஒட்டித் தர்றேன்னு வாங்கிட்டுப் போய்த் திருடுவியா? காசை வெச்சு ஒட்டறப்போ கை உதறலையாடா உனக்கு?

— நல்லதுக்குத்தான் பண்ணேன்.

— யாரு நல்லதுக்கு? உங்கப்பாவும் இப்பிடித்தான், நல்லதுக்கு நல்லதுக்குன்னே என்னை சைக்கிள்கூடத் தொட விடல. அவர்கிட்ட வாயை மூடிக்கிட்டு இருந்தேன். உன்கிட்ட இருக்க மாட்டேன்.

— யாருய்யா நீ? யாரைக் கேட்டு இந்தக் கார்ல கை வெச்ச? என் சாவியைத் திரும்பச் சேரு.

— ஆர்.சி.ல பேர் இருக்கறவங்க சொல்லட்டும் சார், சேர்த்துடறேன்.

— மம்மி, சொல்லுங்க அவன்கிட்ட.

— மாட்டேன். சாயங்காலம் மௌரீனைக் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போறேன், காரை நான்தான் ஓட்டறேன். நீ வேணும்னா பின் சீட்டுல உட்காரு. பெல்ட் போட்டுக்க.

— சரி, கார் பேச்சை விடுங்க, நீங்களே வெச்சுக்கங்க. அந்த ஆள் தெருமுனைக்கு வந்துட்டாரு. வரச் சொல்லிட்டு அவரை வெளில நிறுத்த முடியாது, வீட்டையாவது காட்டிடறேன். நீங்க வர வேண்டாம், இங்கயே நில்லுங்க. சாவி என்கிட்ட இருக்கு.

— ரவிக்குமார், பெட்டியை மூடாதே மேன். மாடிக்கு வா, வாசக் கதவுப் பூட்டை மாத்தணும். அதுக்கும் ரெண்டாவது சாவி இவன்கிட்டதான் இருக்கு.