பானட் சில்லென்று இருந்தது

விபத்தில் முறிந்த மகளின் கைக்குக் கட்டு மாற்றிக்கொண்டு ஆம்பூர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்சீட்டில் இருந்த ஒரு கார் டிரைவர், பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"கார் வாங்க வந்தவர்கிட்ட, மொதல்ல பானட்டைத் தொட்டுப் பாருங்கன்னேன், பாய்."

"இன்னாத்துக்கு?"

"பழைய டீசல் வண்டி காலைல மக்கர் பண்ணும். அதனால விக்கிறவன் முன்னாடியே இஞ்சினைச் சூடு பண்ணி வச்சிடுவான். நம்முது சில்லுன்னு இருந்துச்சு. ஒரே திருப்பு, ஸ்டார்ட்!"

"காயலான் கடைக்குப் போடச் சொன்ன உங்க சின்ன முதலாளி இன்னா சொன்னாரு?"

"ஆடிப்போய்ட்டாரு. 'நாமளே வச்சுக்கலாமா? இன்னொரு வாட்டி ஸ்டார்ட் பண்ணு'ன்னாரு. முப்பது வருஷம் நான் தொடச்ச வண்டியைக் காயலான் கடைக்குன்னவரைச் சும்மா வுடுவனா? சாவி இப்போ வாங்கினவர்கிட்ட இருக்கு, அவரைக் கேளுங்கன்னேன்."

விபத்துக்குப் பிறகு முதன்முறையாக என் மகள் சிரித்தாள்.