ரைபிள் சிப்பாயின் வாய்

கரும்பச்சை கலப்பதில் என் மைத்துனன் சுதேஷ் என்னைவிடக் கெட்டிக்காரன். அதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை, ஐயா. வெள்ளைக்காரன் காலத்து ரைபிள் படைக்குச் சிவப்புச் சட்டை கிடையாது. கறுப்பைத் தொடுகிற பச்சைதான். நான் மாநகர சபையில் கிளார்க். ஓய்வு நேரத்தில் அந்தச் சிப்பாய்களின் மார்பளவுச் சிலைகளைப் புட்டிப் பசையில் விரல் உயரத்துக்குச் செய்வேன். சுதேஷ் வர்ணம் பூசுவான். குண்டசாலையில் ஒரே வீட்டில் ஒன்பது வருடம் இருந்தோம், ஒரு மனஸ்தாபம் இல்லை.

எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. கோயில் சிலைக்குச் செய்வதுபோல, எல்லாம் முடிந்த பிறகு குளித்துவிட்டு வந்து நானே கண் திறப்பேன். அதுவரை சிப்பாய் குருடனாக நிற்கவேண்டும். இது சுதேஷுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தத் தடவை கொழும்புக் கண்காட்சிக்காகக் குண்டடிபட்ட சிப்பாய் ஒருவனைச் செய்துகொண்டிருந்தேன். தொப்பி, கழுத்துப்பட்டி, கறுப்புப் பொத்தான் எல்லாம் சரியாக வந்தன. வாய் மட்டும் வரவில்லை. ஏழு தடவை செய்து ஏழு தடவையும் சுரண்டி எறிந்தேன். கண்ணாடி முன் நின்று நானே வாயைத் திறந்து பார்த்தேன். பல் பிடுங்கப் போனவன் மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் என் மனைவி பிரேமிளா துணி வாங்க அக்குறணைக்குப் போயிருந்தாள். நான் மார்க்கெட்டிலிருந்து வந்தபோது சிப்பாய்க்குக் கண் இருந்தது.

"யாருடா திறந்தது?"

"நான்தான் அத்தான். யூடியூப்ல எல்லாரும் கண்ணைத்தான் மொதல்ல வரையிறாங்க. இது என்னா சாமியா, பொம்மதானே?" என்று சிரித்தான்.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. மேசையிலிருந்த சுத்தியலால் காதுக்கு மேலே அடித்தேன். எலும்பு உள்வாங்கியது கைக்குத் தெரிந்தது. கதிரையோடு சாய்ந்தான். மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் இரத்தம் வந்து சிமெந்துத் தரையில் பரவியது.

"அத்தான், அக்காவுக்கு கோல் எடுங்க," என்றான்.

போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் பிசைந்த புட்டி இரண்டு மணித்தியாலத்தில் கல்லாகிவிடும், பாதியில் விட முடியாது. முடித்துவிட்டு அம்புலன்ஸுக்குச் சொன்னேன். ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டொக்டர் சொன்னாராம். பிரேமிளா தரையில் விழுந்து அழுததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் வந்தவனுக்குப் பிசைந்த புட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவன் விழுந்த பிறகுதான் புதுப் பக்கெட்டை உடைத்துப் பிசைந்தேன். அவனுடைய வாய் திறந்திருந்த விதம் அப்படி. கீழுதடு ஒருபக்கமாக இழுபட்டு, நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. நான் இரண்டு மாதமாகத் தேடிய வாய் அது.

தலையில் மூன்று காயம் இருப்பதாக டொக்டர் எழுதியிருக்கிறார். அது சரிதான். முதல் அடி மட்டும் கோபத்தில் அடித்தது. மற்ற இரண்டையும் மெதுவாகத்தான் அடித்தேன், ஐயா, அவன் வாயை மூடப் பார்த்த நேரங்களில்.