பி பிளாக் இன்னும் யோசிக்குது

அந்தப் பட்டன எவ்வளவு அமுக்குனாலும் வராது தம்பி, வெரல்தான் தேயும். லிஃப்ட் ரோசாக், கெட்டுப் போச்சு. நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிக்குது. மேலயும் இல்ல, கீழயும் இல்ல... வாஷிங் மெஷின எறக்கி வைங்க. வைங்க லா! இடுப்பு போயிடும். எந்த மாடி? ஒம்பதா? அட, நம்ம மாடி! நான் பக்கிரிசாமி, கடைசி வீடு.

இந்த நாற்காலியா? காலையிலேர்ந்து இதுலதான் குடித்தனம். வீட்டுக்காரி தனலெட்சுமி சொல்லிட்டா, லிஃப்ட் ஓடாம நீ வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு. பசியாற மேலேர்ந்து வாளியில கயிறு கட்டி எறக்குனா. வழியில அஞ்சாவது மாடி நல்லம்மாள் ஜன்னல்ல கைய நீட்டி வடைய எடுத்துக்கிச்சு. எனக்கு வந்தது வெறும் சாம்பார்.

அவ கோவமும் நியாயம்தான். ஞாயித்துக்கெழம சுங்கை பாக்காப்புல அவ தங்கச்சி மகன் கல்யாணம். முட்டி வலிக்காரி, ஒம்பது மாடி எப்படி எறங்குவா? நாளைக்கு ஓட்டு. பெட்டிய மூடிட்டா அப்புறம் நம்ம லிஃப்ட எவன் திரும்பிப் பாப்பான்? இன்னைக்குள்ள ஓடணும் தம்பி. இன்னைக்குள்ள!

இத்தனைக்கும் ஓடியிருக்க வேண்டிய லிஃப்ட்டு. சொல்றேன், உக்காருங்க. எதுல? மெஷின் மேலதான்.

இந்தக் கட்சிக்காரங்க டேப்லெட் ஒண்ணத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வருவாங்க பாத்திருக்கீங்களா? குடைக் கட்சியிலேர்ந்து ரூபினின்னு ஒரு பொண்ணு, சேவல் கட்சியிலேர்ந்து சாஹித்துன்னு ஒரு பையன். நம்மகிட்ட சிரிச்சுப் பேசிட்டு, அந்தப் பக்கம் போயி நமக்குக் கலர் அடிச்சிடுவாங்க. அவங்க ஆளுன்னா வெள்ள. எதிராளின்னா கருப்பு. எந்தப் பக்கம்னு தெரியாதவன் கெலாபு, சாம்பக் கலரு. வெள்ளன்னா கல்யாணமாகி வருசமான மாப்பிள்ள, அவன யாரு கவனிப்பா? கருப்புன்னா தீத்து விட்டாச்சு. கெலாபுதான் தம்பி பொண்ணு பாக்க வந்தவன். பலகாரமெல்லாம் அவனுக்குத்தான்!

லிஃப்ட் படுத்ததும் நான் என்ன செஞ்சேன்? மாடி மாடியா ஏறிப் போயி, எவன் கேட்டாலும் இன்னும் யோசிக்கிறோம்னு சொல்லுங்கன்னு சொல்லிக் குடுத்தேன். எல்லாரும் புடிச்சுக்கிட்டாங்க. இந்த நல்லம்மாள்தான்... ஐயோ! அந்த அம்மா பரம்பர குடைக்காரி. கேக்கறதுக்கு முன்னாடியே, குடைக்குத்தான்யான்னு பல்லக் காட்டும். அதுக்கு ஒரு சந்தேகத்த உண்டாக்க நான் பட்ட பாடு! கன்னத்துல கை வை, வானத்தப் பாரு, பெருமூச்சு விடு, "ரெண்டு பேருமே நல்லவங்கதான்..."னு இழு. மூணு நாள் பயிற்சி தம்பி. கடைசியில நெசமாவே கொழம்பிப் போயி, காப்பியா டீயான்னு கேட்டாக்கூட பெருமூச்சு விடுது.

வந்தாங்க பாருங்க! குடைக் கட்சி வேட்பாளரு மூச்சு வாங்க ஒம்பது மாடி ஏறி, அங்கிள் உங்க கவல என்னன்னு கேட்டு, என் மொழங்காலுக்குத் தைலம் தேய்ச்சாரு. சேவல் கட்சிக்காரருக்குச் சேதி போச்சு. அவரும் ஓடி வந்து இன்னொரு கால புடிச்சுக்கிட்டாரு. எனக்கு வலி ஒரு கால்லதான். ஆனா அதச் சொன்னா ஒருத்தரு மனசு நோகுமே! ரெண்டு காலையும் நீட்டிக்கிட்டு, யோசிக்கிறேன்... யோசிக்கிறேன்னே சொன்னேன்.

பொய்யா? தனத்தக் கேளுங்க. கேக்க ஒம்பது மாடி ஏறணும், அது உங்க இஷ்டம்.

அப்புறம் லிஃப்ட்காரங்க. ரெண்டு கட்சியும் ஒரே நாள்ல அனுப்பிட்டாங்க! குடை ஆளு மொட்ட மாடியில நின்னு மேல இழுக்கிறான், சேவல் ஆளு பள்ளத்துல நின்னு கீழ இழுக்கிறான். நடுவுல மாட்டுனதுதான் இப்ப நிக்கிற எடம். ஒரு வழியா பேசி, குடைக்காரங்களே முடிச்சுத் தர்றதுன்னு ஆச்சு. இன்னைக்குக் காலையில ஓடும்னு நேத்து சத்தியம் பண்ணாங்க.

நேத்து சாயங்காலம் தெடல்ல குடைக் கட்சி செராமா, ஓட்டுக் கூட்டம். மேடப் பேச்சு, பிரியாணி எல்லாம் தடபுடல். அங்கதான் தம்பி எவனோ ஒரு கெழட்டு மடையன் மேடையேறிட்டான். ரெண்டு வார்த்த பேசுங்கன்னு மைக்கக் குடுத்திருக்காங்க. அவன், எங்க பி பிளாக் மொத்தமும் குடைக்குத்தான், ஒரு ஓட்டுகூடச் செதறாதுன்னு போட்டான் பாருங்க ஒரு போடு! என்னா கொரலு! மைக்கே தேவையில்ல, பக்கத்து மாநிலம் கெடா வரைக்கும் கேட்டிருக்கும். கூட்டம் எந்திரிச்சு நின்னு தட்டுது. மால போட்டாங்க, பொன்னாட போத்துனாங்க. அந்த நேரத்துல மனுசன் எப்படித் தம்பி வாய அடக்க முடியும், சொல்லுங்க? நீங்களா இருந்தா...

ஏன் சிரிக்கிறீங்க?

சரி. ஆமா. நான்தான். மெதுவா சிரிங்க லா, அஞ்சாவது மாடிக்குக் கேக்கப் போவுது!

காலையில ரூபினியப் புடிச்சு, எங்கம்மா லிஃப்ட்காரன்னு கேட்டா, "அங்கிள், நீங்கதான் உறுதியாச் சொல்லிட்டீங்களே, பி பிளாக்க வெள்ளையாக்கிட்டோம். ஆள சி பிளாக்குக்கு அனுப்பிட்டோம், அங்க இன்னும் யோசிக்கிறாங்க"ங்குது. சி பிளாக்குல லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது தம்பி! சும்மா ஓடுற லிஃப்ட்டுக்குப் பெயின்ட் அடிச்சு, காத்தாடி மாட்டி, கண்ணாடி வச்சிருக்கானுங்க. சாஹித்தா? அந்தப் பையன் நம்மளக் கருப்பாக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கமாவே நடந்து போறான்.

ஆனா கடவுள் உங்கள அனுப்பியிருக்காரு. இன்னைக்குக் குடி வர்ற ஆளு, ஒரு கலரும் படாத ஆளு! வீட்டுல எத்தன ஓட்டு? நீங்க, சம்சாரம், மாமியாரு... போதும், மூணு கெலாபு! மூணும் ஒண்ணா ஊசலாடுனா ரெண்டு கட்சியும்...

என்னது? ஓட்டு இங்க இல்லையா? தாசேக் கெலுகோர்லயா? மூணுமா? என்ன தம்பி, கட்டில் பீரோவெல்லாம் மாத்தத் தெரியுது, ஓட்ட மாத்தத் தெரியலையா?

ஷ்! திரும்பாதீங்க. ரூபினி வருது. அந்தப் பக்கம் சாஹித்து. ரெண்டு பேரும் உங்க லோரியப் பாத்துட்டாங்க. தாசேக் கெலுகோர்னு மட்டும் வாயத் தொறக்காதீங்க. பொய் சொல்ல வேணாம், நானும் சொன்னதே கெடையாது. மூஞ்ச மட்டும் கொழப்பமா வைங்க. ம்ஹூம், அது பசி. அது கோவம், அது வேணாம். இங்க பாருங்க, மெஷினப் பாருங்க... இப்ப படியப் பாருங்க... ஒம்பது மாடி... திரும்ப மெஷினப் பாருங்க...

ஆங்! அதேதான்! அப்படியே நில்லுங்க!

ரூபினி! தம்பி சாஹித்து! இங்க வாங்க, ஓடி வாங்க! இந்தப் புள்ளையால இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியலையாம்!