சுவரோரம் ரெண்டு கோடு

இல்ல தம்பி, அதெல்லாம் பண்ணியாச்சு. ஆஃப் பண்ணி, பத்து எண்ணி, ஆன் பண்றது. உங்களுக்கு முன்னாடி நெட்டு சரி பண்ண வந்த ரெண்டு பேரும் இதத்தான் சொன்னாங்க. பத்து என்ன, நூறு வரைக்கும் எண்ணிட்டேன். எண்ணி எண்ணி வாய்தான் வலிக்குது, டிவில அந்த வட்டம் பாட்டுக்கு சுத்திக்கிட்டு இருக்கு. ரவுட்டரயா? இல்லல்ல, நான் ஆஃப் பண்ணது டிவிய, போன, வாஷிங் மெஷின. ரவுட்டர் கதைக்கு அப்புறம் வரேன், மொதல்ல இந்தக் கூத்தப் பாருங்க.

மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற மோட்டாரு, போன்ல தட்டுனா ஓடும்னு ஒரு பெட்டிய மாட்டிட்டுப் போனாங்க. இப்ப தட்டுனா ஓடுது, நிறுத்துனா நிக்க மாட்டேங்குது. நேத்து தொட்டி ரொம்பி வழிஞ்சு, காயப்போட்ட துணி மொத்தமும் மறுபடி நனஞ்சு, என் வீட்டுக்காரி என்னை ஒரு பார்வ பாத்தா பாருங்க, அப்பா! வாஷிங் மெஷின் தொவச்சு முடிச்சத நாலு மணி நேரம் கழிச்சு போன்ல வந்து சொல்லுது. அந்த மூலைல ஒரு ஸ்பீக்கர் இருந்துச்சு. லைட்டப் போடுன்னா, மன்னிக்கவும் இணைப்பு இல்லைன்னு அவ்ளோ மரியாதயா பதில் சொல்லும். ஆத்திரத்துல தூக்கிப் பரண்மேல போட்டுட்டேன். ஆசப்பட்டு வாங்குன சாமான் எல்லாம் ஒண்ணு சேந்து என்னைக் கேணயன் ஆக்குது தம்பி.

இங்க வாங்க, போன கைல புடிங்க. இந்தச் சுவத்தோட ஒட்டி நில்லுங்க. சிக்னல் ரெண்டு கோடு வருதா? இப்ப ரெண்டடி பின்னால வாங்க. போச்சா? அவ்ளோதான். சமையக்கட்டுல சுத்தமா கெடையாது. அதான் இந்த முக்காலியப் போட்டு, சுவத்தப் பாத்து உக்காந்துக்கிட்டு போன் பாக்குறேன். வாத்தியாரு முட்டி போடச் சொன்ன மாதிரி இருக்கீங்கன்னு அவ சிரிக்கிறா. சிரிக்கட்டும், அவளுக்கென்ன.

பூஸ்டரா? அது போன வாரம் வந்தவரு மாட்டிட்டுப் போனாரு. பச்ச லைட் ஜோரா எரியுது, நெட்டு மட்டும் வரல. வராத சிக்னல எத வச்சுப் பெருக்கும்? அவரும் ரவுட்டர் எங்கன்னு கேட்டாரு. உள்ளன்னேன். எந்த உள்ளன்னு அவரு கேக்கல. நீங்க கேக்குறீங்க.

சரி, சொல்லிடுறேன். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. பக்கத்து வீடுன்னும் சொல்ல முடியாது. நாப்பது நாளுக்கு முன்னாடி வரைக்கும் இது ஒரே ஹாலு. தரையப் பாருங்க, டைல்ஸுல பூ பாதியோட நிக்குதா? மீதிப் பாதி எங்கண்ணன் வீட்டுல இருக்கு.

ஆமா, பாகம் பிரிச்சோம். எதுக்குன்னு கேக்காதீங்க, இப்ப யோசிச்சா எனக்கே வெக்கமா இருக்கு. ஸ்பூன் பதினொண்ணு இருந்துச்சு. ஆளுக்கு அஞ்சு எடுத்துக்கிட்டு, மிச்சம் ஒண்ணுக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுனோம்னா பாத்துக்கோங்க. செருப்பு வைக்கிற பலகையக்கூட அறுத்தோம். அவ்ளோ வக்கணையா பிரிச்சவங்க, நெட்ட மறந்துட்டோம்! ரவுட்டர் அந்தப் பக்கத்து ஆணில தொங்குது, என் சாமான் எல்லாம் இன்னும் அதத்தான் தேடிக்கிட்டு இருக்கு. பாஸ்வேர்டா? இல்ல, அண்ணன் மாத்தல. ஏன் மாத்தலன்னு எனக்கென்ன தெரியும்? சோம்பேறி, சின்ன வயசுலேருந்தே அப்டித்தான். வேற என்ன காரணம் இருக்கப் போவுது? நீங்க ஏன் தம்பி அப்டிப் பாக்குறீங்க?

தெரியும், புதுசா ஒரு லைன் எடுத்தா அர நாள் வேல. எனக்கு மூளையா இல்ல? இந்தத் தெருவுலயே மூணு கம்பெனி கேபிள் தொங்குது. எடுக்க மாட்டேன். கௌரவமா? கௌரவம் பாக்குறவன் அண்ணன் நெட்டுக்கு முக்காலி போட்டு உக்காந்திருப்பானா? விஷயம் அது இல்ல. புது லைன் எடுத்தா டிவி ஓடும், மோட்டார் நிக்கும், எல்லாம் சரியாயிடும். ஒண்ணு மட்டும் வராது. கேமரா.

எங்கம்மா ரூம்ல இருக்கு. அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து மூணு வருஷமாச்சு. அப்ப நானும் அண்ணனும் ஏணி போட்டு மாட்டுனது. பழசு, அதே நெட்டுல இருக்குற போன்லதான் படம் தெரியும். வேற லைன் எடுத்தா தெரியுமா? நீங்களே சொல்லுங்க. தெரியாதுல்ல? பிரிச்சப்ப அம்மா ரூம் அந்தப் பாதில போயிருச்சு. உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு நான் கத்த, மிதிக்காதன்னு அவன் கத்த, பத்து பேரு நின்னு கேட்டாங்க. அப்புறம் எப்டிப் போறது? சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணி வந்து தலகாணிய முட்டுக்குடுத்து உக்கார வைப்பாங்க. அம்மா ஜன்னலப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அதப் பாத்துட்டு நான் எந்திரிச்சிருவேன். ஒரு நாள் அதப் பாக்கலன்னா எனக்கு சோறு எறங்காது.

ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் பீரோவோ என்னமோ இழுத்தாங்க, கரகரன்னு சத்தம். அன்னிலேருந்து இங்க நாலு கோடு ரெண்டாக் கொறஞ்சு போச்சு, படம் வரல. ஆமா, இரும்பு பீரோவ ரவுட்டருக்கு முன்னாடி நிறுத்திருப்பாங்க, நானும் அப்டித்தான் மனசத் தேத்திக்கிட்டேன். ஆனா எதுக்கு நகத்துனாங்க? என்னத்துக்கு எடம் பண்றாங்க? சுவத்துல காத வச்சா அம்மா இருமுறது கேக்கும். நேத்து காலைலேருந்து அதுவும் கேக்கல தம்பி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தாக்கூட எனக்கு யாரு சொல்லுவா? நான் போய்ப் பாத்துட்டு வரேன்னு என் வீட்டுக்காரி பிரிச்ச மொத வாரமே கெளம்புனா. போனா அங்கயே இருந்துக்கன்னு கத்திட்டேன். இப்ப எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு அவளப் போகச் சொல்றது? பயமா இருக்கு, நெஜமாவே பயமா இருக்கு.

தொள போட்டு ஒயர் விடலாமா? ஓ, அந்தப் பக்கம் ரவுட்டர்ல சொருக ஆள் வேணுமா. அப்ப எப்டியும் கதவத் தட்டித்தான் ஆகணும். ஒண்ணு பண்ணுங்க, நீங்க போங்க. தெரு முனை வரைக்கும் போய், பின்னாடி சந்துல திரும்புனா பச்சக் கதவு. அதான் இப்ப அவங்க வாசல். லைன் செக் பண்ண வந்தேன்னு சொல்லுங்க. நான் அனுப்புனேன்னு சொல்லிடாதீங்க. சரி, கேட்டா சொல்லுங்க, பரவால்ல. உள்ள நொழஞ்சதும் எடது கைப் பக்கம் அம்மா ரூம். ஒயரெல்லாம் கெடக்கட்டும், எங்கம்மா கட்டில்ல இருக்காங்களான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

ஆமா, சுத்து வழிதான். என்ன பண்றது? நடுவுல ஒரு கதவு விடட்டுமான்னு கொத்தனாரு ரெண்டு தடவ கேட்டாரு. அண்ணன் என் மூஞ்சியப் பாத்தான். அடச்சிருங்கன்னு சொன்னது நாந்தான்.