மலைப்பாதையில் ஏழு அட்டைகள்

யமுனா: அப்பா, நில்லுங்க. கால்ல அட்டை!

சோமு: மறுபடியுமா? எங்க காட்டு.

யமுனா: சாக்ஸுக்குள்ள... நீங்க அந்தக் கல்லுல உக்காருங்க.

சோமு: கடிச்சது உன்னைய. நான் எதுக்கு உக்காரணும்?

யமுனா: நின்னா உங்க மேலயும் ஏறும்லா.

சோமு: உக்காந்தா ஏறாதா? இது என்ன புது நியாயம்... சரி, உக்காந்துட்டேன். உப்புப் பொட்டலத்த எடு.

யமுனா: வேணாம். தட்டி விட்டுட்டேன்.

சோமு: அதுக்குள்ளயா? ரத்தம் வரலியே?

யமுனா: கடிக்கிறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்.

சோமு: அடிவாரத்து மூன் கேட்டுல ஏற ஆரம்பிச்சதுலேர்ந்து இது ஆறாவது. என்கிட்ட ஒண்ணுகூட வரல. எனக்கு ஒண்ணும் விளங்கல.

யமுனா: உங்க ரத்தம் பழசு. அதுக்குப் பிடிக்கல போல.

சோமு: வாயப் பாரு! ஆறு வயசுல, அட்டைன்னு சொன்னா போதும், பேசாம கால நீட்டி உக்காந்துருவே. இப்ப என்னைய உக்கார வெக்கிற.

யமுனா: பதினெட்டு ஆச்சுப்பா.

சோமு: எப்ப ஆச்சு? ஸ்கூல் பேக் உன்னையவிடப் பெருசா இருந்தது நேத்து மாதிரி இருக்கு. புதன்கிழமை ஜொகூர்ல யூனிவர்சிட்டி. உங்கம்மா என்னடான்னா இப்பவே உன் பெட்டியில ஊறுகாய் போத்தல...

யமுனா: பேசாதீங்கப்பா. மூச்சு விடுங்க.

சோமு: விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்! வா, மேல அஞ்சாவது ஸ்டேஷன் கொட்டகையில பாலில்லாத தே ஓ குடிச்சிட்டுத்தான் இறக்கம்.

யமுனா: மெதுவா...

சோமு: மெதுவாத்தான்... ஏறுறேன்.

யமுனா: அப்பா.

சோமு: என்ன?

யமுனா: அட்டை.

சோமு: ஏய், இருபது படிகூட ஏறல!

யமுனா: உக்காருங்க.

சோமு: இரு, இரு. இந்த இலையத் தொட்டுப் பாரு. அப்பளம் மாதிரி நொறுங்குது. மழை பேஞ்சு மூணு வாரமாச்சு. காஞ்ச மண்ணுல உனக்கு மட்டும் எங்கேர்ந்து வருது அட்டை? கால் வலிக்குதா? இல்ல, ஜொகூர் போக இஷ்டமில்லையா? சொல்லும்மா, எனக்குத் தலையே சுத்துது.

யமுனா: சுத்துதா? நெஜமாவா?

சோமு: பேச்சுக்குச் சொன்னேன். ஏன் அழற?

யமுனா: நேத்து கார் கழுவுனேன். சீட்டுக்கு அடியில ஒரு கடிதம். இருதய டாக்டரப் பாக்கச் சொல்லி. தேதி முடிஞ்சு ஒரு மாசமாச்சு. நீங்க போகல.

சோமு: ...அம்மாவுக்குத் தெரியுமா?

யமுனா: தெரியாது. காலையில மலை வேணாம்னு எத்தன தடவ சொன்னேன், கேட்டீங்களா?

சோமு: நீ ஜொகூர் போற வரைக்கும் சொல்ல வேணாம்னு இருந்தேன். தெரிஞ்சா நீ போகாம நின்னுருவே.

யமுனா: நீங்க டாக்டரப் பாக்கலன்னாத்தான் நிப்பேன்.

சோமு: அதுக்கா இத்தன அட்டை? அப்பனையே ஏமாத்த எங்க கத்துக்கிட்ட?

யமுனா: உங்ககிட்டத்தான். சின்னதுல இங்க ஏறும்போது, நீங்க தூக்கட்டுமான்னு கேட்டா நான் அழுவேன், நானே நடப்பேன்னு. அப்புறம் பத்துப் படிக்கு ஒரு தடவ, "அட்டை, உக்காரு"ன்னு சொல்வீங்க. நான் ஒரு அட்டையாச்சும் கண்ணால பாத்திருக்கேனா?

சோமு: அது... உனக்குத் தெரியாதுன்னுல்ல நெனச்சேன்.

யமுனா: அப்பவே தெரியும்ப்பா. கால் வலிச்சுது, அதான் உக்காந்தேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி புதுத் தேதி கேப்போம். நான் கார் ஓட்டுறேன். இப்ப இறங்கலாமா?

சோமு: இறங்கலாம். கொஞ்சம் இரும்மா... என் கால்லயும் ஒரு அட்டை.