பிரீம் மீனுக்குச் சத்தம் ஆகாது

உங்கள் மின்விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கிறது. சுற்றுக்குச் சுற்று மெல்லிய கீச்சு ஒன்று வருகிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும், அதனால் கேட்காது. எனக்குக் கேட்கிறது. தொழில் அப்படி. காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்திக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, எந்தச் சத்தம் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று சோதிப்பேன். நாள் முழுக்க உரக்கப் பேசியே தொண்டை வற்றிவிடும். சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டும். கருவியைப் பொருத்திய பிறகும், "ரேடியோ இரையற மாதிரி இருக்கு, கழட்டிடுங்க" என்பார்கள். பொறுமை இல்லாதவன் இந்த வேலைக்கு வர முடியாது. என்னைப் பொறுமைசாலி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

விடுமுறை நாளில் எனக்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம் அமைதி. அதற்காகத்தான் கழிமுகத்துக்குப் போகத் தொடங்கினேன். ஆறு கடலில் சேருகிற அந்த இடத்தில் கைவிடப்பட்ட படகுத்துறை ஒன்று இருக்கிறது. அதன் மரத்தூண்களில் சிப்பி அப்பிக் கிடக்கும். சிப்பியைக் கொறிக்க பிரீம் வரும். வெள்ளித்தகடு மாதிரி மினுக்கும், முதுகு உயர்ந்த மீன். உயிருள்ள புழுவையோ இறாலையோ தூண்டிலில் மாட்டிப் போட்டால் யாரும் பிடித்துவிடலாம். நான் பொய் இரைதான் போடுவேன். ரப்பரில் செய்த, சுண்டுவிரல் நீள இறால். அதை வீசி, மூழ்க விட்டு, ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். பிறகு கோலின் நுனியை லேசாக ஒரு சுண்டு சுண்டி, மறுபடியும் சும்மா நிற்க வேண்டும். இந்தச் சும்மா நிற்பதுதான் கஷ்டம்.

மீன் வராமல் இருந்தால்கூட மனது ஆறிவிடும். வரும். இரையின் பின்னாலேயே வரும். மூக்கு படுகிற தூரத்தில் நின்று பார்க்கும். பிறகு சாப்பிட உட்கார்ந்துவிட்டு இலையைப் பார்த்ததும் எழுந்துபோகிற விருந்தாளி மாதிரி திரும்பிப் போய்விடும். பல வருடங்கள் இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தூண்டில் நரம்பை மெல்லியதாக மாற்றினேன். கோலை மாற்றினேன். இரையின் நிறத்தை மாற்றினேன். சட்டையின் நிறத்தைக்கூட மாற்றினேன். கிடைத்ததெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற குஞ்சுகள்தான். அவற்றையும் விட்டுவிடுவேன்.

அப்போதுதான் என் மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்தான். மனைவியின் தம்பி. தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். மண்டியிட்டே வேலை செய்து முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். அதே சமயத்தில் அவன் மனைவியும் பிரிந்து போய்விட்டாள். என் தூண்டில் சாமான்கள் இருந்த அறையை ஒழித்து அவனுக்குக் கொடுத்தோம். சாமான்கள் கட்டிலுக்கு அடியில் போயின. அதற்கெல்லாம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் பேசுவான். பல் தேய்க்கும்போது பேசுவான், டிவியோடு பேசுவான், பேச ஆள் இல்லையென்றால் பாடுவான். நான் மனதுக்குள் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தேன். அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ. நான் கழிமுகத்துக்குக் கிளம்பிய ஒரு காலையில், "அத்தான், நானும் வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டான்.

என்னுடைய பழைய கோல் ஒன்றைக் கொடுத்தேன். குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்த ஒரு சிவப்பு இரையைப் பெட்டியிலிருந்து அவனே எடுத்தான். வீசிவிட்டுக் கோலைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, போனில் நண்பனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். கோல் வளைந்தது. "இருடா, என்னமோ இழுக்குது" என்று போனில் சொன்னான். அவன் கரைக்கு இழுத்துப்போட்ட மீனைப் போல ஒன்றை அந்தத் துறையில் நான் அதுவரை பார்த்ததில்லை.

"அத்தான், நீங்க சொல்வீங்களே, அந்த மீன் இதுதானா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

அவன் மீனைத் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தை என் மனைவி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். இத்தனை வருஷமாக நீங்கள் போகிறீர்கள், ஒரே நாளில் அவன் பிடித்துவிட்டான் பாருங்கள் என்று அவள் சொன்னாள். மனதில் எதுவும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. தம்பி சிரிக்கிறானே என்ற சந்தோஷம் அவளுக்கு. ஆனால் அடுத்த வாரமும் அவன் பிடித்தான். அதற்கடுத்த வாரமும் பிடித்தான். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் என்னை நிறுத்தி, உங்கள் வீட்டு மீன்காரர் எங்கே என்று விசாரித்தார். தூண்டில் கடைக்காரர், என்னிடம் பல வருடம் வியாபாரம் செய்தவர், உங்கள் மச்சினன் கோலை எப்படிச் சுண்டுகிறார் என்று கேட்டுச் சொல்லுங்களேன் என்றார். அந்தச் சிவப்பு இரையை அவன் குளிக்கப் போன நேரத்தில் எடுத்து என் பையில் வைத்துக்கொண்டுபோய், தனியாக ஒரு நாள் வீசியும் பார்த்தேன். சிப்பியில் சிக்கி அறுந்துவிட்டது. காணோம் என்று அவன் தேடினான். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

ஒரு வாரமாவது தனியாகப் போய் வருகிறேனே என்று மனைவியிடம் கேட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. "அவனுக்கு வேற என்னங்க இருக்கு? உங்ககூட வரும்போதுதான் கொஞ்சம் கலகலப்பா இருக்கான்." அது உண்மை. அவனுக்கு என்மேல் பிரியம் உண்டு. திரும்பி வரும் வழியில், "அடுத்த வாரம் உங்களுக்குத்தான் அத்தான்" என்பான். அதைக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அன்றைய காலைக்கு வருகிறேன். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. துறைக்கு அந்தப் பக்கம் சேற்றுவெளி ஈரமாகப் பளபளத்தது. எனக்குத்தான் விடுமுறை, மற்றவர்களுக்கு வேலை நாள் என்பதால் அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. இன்றைக்கு மட்டும் போனை என் பையில் போட்டுவிடு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு பாட ஆரம்பித்தான். பிரீம் மீனுக்குச் சத்தம் ஆகாது. மரப்பலகையில் கால் தட்டினாலே கலைந்துவிடும். சொல்லியிருக்கிறேன், ஒரு முறை அல்ல. சொன்னால் வாயைப் பொத்திக்கொள்வான், பிறகு மறந்துவிடுவான்.

பிறகு அவன் அந்தச் சேற்றுவெளியைக் காட்டி, "அந்தப் பக்கம் தரை கெட்டியா இருக்குமா அத்தான்? நடந்து போலாமா?" என்று கேட்டான்.

போன குளிர்காலத்தில் அங்கே என் கால் இறங்கி, குப்புறப் படுத்து ஊர்ந்து வெளியே வந்தேன். ஒரு பூட்ஸ் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. வெட்கமாக இருந்ததால் வீட்டில் சொல்லவில்லை.

"போகலாம்," என்றேன். "மீனெல்லாம் அங்கதான் நிக்குது."

அவன் முட்டிவரை சேறாகி அசடு வழிய நிற்பான், நான் கைகொடுத்துத் தூக்கிவிடுவேன், வீட்டில் போய்ச் சொல்ல எனக்கும் ஒரு கதை கிடைக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவன் தொடைவரை இறங்கிவிட்டான். முதலில் சிரித்தான். கால் மாட்டிக்கொண்டது, இழுத்தால் முட்டி வலிக்கிறது என்றான். அசையாமல் நில், வருகிறேன் என்றேன். அது சரியான யோசனைதான், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சேற்றில் உதைக்கக் கூடாது. வண்டியில் கயிறு இருந்தது. துறையில் கழன்ற பலகைகள் கிடந்தன. பலகையைச் சேற்றில் போட்டு, அதன்மேல் படுத்துக் கை நீட்டினால் போதும். எனக்குத் தெரியும்.

கோலைக் கீழே வைப்பதற்காக நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போது என் இரைக்குப் பின்னால் ஒன்று வந்தது. அவன் பிடித்தவற்றையெல்லாம்விடப் பெரியது. பார்த்தது. திரும்பிப் போனது. ஆனால் தூரம் போகவில்லை, தூணின் நிழலில் நின்றது. இன்னும் ஒரு தடவை வீசிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

நீரேற்றம் தொடங்கியது. கழிமுகத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும். அதுவும் மெதுவாகத்தான். நேரம் நிறையவே இருந்தது. நான் வீசினேன். அவன் கூப்பிட்டான். கூப்பிடும்போதெல்லாம் மீன் நிழலுக்குள் போய்விட்டது. பொறு, வருகிறேன் என்று கையைக் காட்டினேன். மறுபடி வீசினேன். "அத்தான், தண்ணி வருது" என்றான். அது எனக்கும் தெரிந்தது. அவன் இடுப்புக்கு மேலே ஏறியபோது மீன் இரையைக் கவ்வியது.

மெல்லிய நரம்பு. அவசரப்பட்டால் அறுந்துவிடும். விட்டு விட்டு இழுத்துத்தான் கரை சேர்க்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் என் பைக்குள் போன் அடித்தது. அவனுடைய போன். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. மீனைக் கையில் எடுத்த பிறகு போனையும் எடுத்தேன். என் மனைவி. தம்பி எங்கே என்று கேட்டாள்.

"அந்தப் பக்கம் நிக்கிறான்," என்றேன். "நல்லா இருக்கான்."

"யாருங்க அங்க கத்துறது?"

"பறவை," என்றேன்.

வரும்போது மாத்திரை வாங்கி வரச் சொன்னாள், அவனுடைய முழங்காலுக்கு. சரி என்றேன்.

அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருப்பதால் இதைச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டிருக்காவிட்டாலும் சொல்லியிருப்பேன். போனை வைத்துவிட்டு மீனைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றேன். களைத்துப்போன மீனை அப்படியே வீசி எறியக் கூடாது. தலையை நீரோட்டத்தைப் பார்த்துப் பிடித்து, செவுள் திறந்து மூடுகிறவரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். அது தானாக வாலை அசைத்து என் கையிலிருந்து போனது. நான் இரக்கமில்லாதவன் இல்லை.

அதற்குப் பிறகும் அவனுடைய தலையும் தோளும் வெளியேதான் இருந்தன. ஒப்புக்கொள்கிறேன். அப்போது பலகையை எடுத்துக்கொண்டு போயிருந்தால் இன்றைக்கு அவன் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். ஆனால் தூணுக்கு அடியில் இன்னும் ஒன்று நின்றது. அதைவிடப் பெரியது என்று தோன்றியது. அவன் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு அக்கா, அக்கா என்று கத்த ஆரம்பித்திருந்தான். வீட்டில் இருக்கிறவளுக்கு அது எப்படிக் கேட்கும்? எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தச் சத்தம் உடைந்து உடைந்து வந்தது, வாயில் தண்ணீர் போனால் வருகிற சத்தம். நான் வீசினேன். பிறகு சத்தம் நின்றது. அந்தத் துறைக்கு நான் போகத் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு அமைதியை அங்கே நான் கேட்டதில்லை. நிற்க நிற்க நன்றாக இருந்தது. தண்ணீர் முழுதாக ஏறிய பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன். இப்போதுதான் வந்து பார்த்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய். தரை கெட்டியென்று சொல்லி அனுப்பியவன் நான். பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான்.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது சரியான வார்த்தை இல்லை. அந்த இரண்டாவது மீன் கவ்வ வந்து வந்து திரும்பியது. அவன் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அதையும் பிடித்துவிட்டு, நானே போய் அவனைத் தூக்கிவிட்டிருப்பேன்.